எஸ்டிமேட் மாமாவும் அக்காவின் பிஸ்கட் டப்பாவும்

கடலூர் முதுநகர் தொடங்கிச் சிதம்பரம் கீழ வீதி வரையில், அறுபது வயதைக் கடந்த எவரும் எஸ்டிமேட் மாமா எங்கள் ஊரில் இருந்த காலத்தில் ஒரு மாத்திரையைக்கூட நிம்மதியாக விழுங்கியதில்லை. இதனை மிகை என்று கருதுவோர் எங்கள் பகுதிக்கு வந்து எந்தப் பெரியவரையேனும் நிறுத்தி விசாரித்துக்கொள்ளலாம். அவர் பதில் கூறுவதற்கு முன்பாகத் தம் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொள்வார். மாத்திரை அட்டை அங்கேதான் இருக்கும். மாமா எங்கிருந்தாவது பாய்ந்து வந்து அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் இன்றளவும் அவர்களை விட்டு நீங்கவில்லை.

அன்னாரின் இயற்பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வாக்காளர் அட்டையில் இருந்திருக்கக்கூடும். கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் எஸ்டிமேட் போடுகிற வேலையில் ஆயுளைக் கழித்தவர். புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில், கூரை பறந்த வீடுகளின் முன்னே அளக்கும் டேப்போடு நிற்பார். "ஓடு மாத்தினா இவ்ளோ, ஷீட் போட்டா இவ்ளோ, ஒன்னும் பண்ணாம இருந்தா அடுத்த பொயலுக்கு இதைவிட ஜாஸ்தி" என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். வயது முதிர்ந்து வேலையை விட்ட பிறகும் கட்டட நினைவு அவரை விடவில்லை. செங்கல்லும் சிமெண்டும் கைக்கு எட்டாமற்போகவே, மனித உடம்புகளுக்கு எஸ்டிமேட் போடத் தொடங்கினார். அவருடைய மனைவி நெடுநாள் படுக்கையில் இருந்தபோது மருந்துக் கடைக்குக் கொட்டிக் கொடுத்ததுதான் அவரை இத்துறைக்கு இழுத்து வந்ததாக ஊரில் சொல்வார்கள். அவர் வாயால் அதை நான் கேட்டதில்லை.

மாமாவின் அகராதியில் நோய்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. மூட்டுவலி என்றால் கதவுக் கீல். ரத்த அழுத்தம் என்றால் மாடித் தொட்டி. சர்க்கரையைப் பற்றி அவர் எனக்களித்த விளக்கத்தை மறக்கவே முடியாது.

"சர்க்கரைன்றது கரையான் மச்சான். வெளிய பூச்சு பளபளன்னு இருக்கும். உள்ள அது பாட்டுக்குத் தின்னுகினே இருக்கும். மருந்து அடிக்கிறத மட்டும் நிறுத்தவே கூடாது."

"சரி, அந்த மருந்தோட வெல?"

"அதுல தான் நாம கையை வெக்கணும்" என்று கண்களைச் சிமிட்டினார்.

ஒருவரை எதிர் நடைபாதையில் கண்ட மாத்திரத்தில், இன்னாருக்கு மாத மருந்துச் செலவு இவ்வளவு என்று சொல்லிவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இந்த ஆற்றலின் முழு வீச்சையும் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் கண்ணாரக் கண்டேன். பெண் வீட்டார் எனக்குத் தூரத்து உறவு. மாமாவுக்கு அந்த உறவும் கிடையாது, என்னோடு வந்தவர். பந்தியில் உட்காராமல், பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் போல நடந்தார். இலைகளைப் பார்த்தபடியே என் காதருகே வந்து வாசித்தார்.

"அந்தக் கட்டம் போட்ட சட்டை, அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கிட்டாரு. மாடித் தொட்டி. பக்கத்துல பச்சைப் பொடவை, பாயாசத்த வாணாம்னுட்டு, யாரும் பாக்காதப்ப ஜாங்கிரியத் தின்னுது. கரையான், அதுவும் கட்டுப்பாடு இல்லாதது. அந்தக் கடைசி எலை பாரு, சோத்துக்கு முந்தி ஒன்னு, சோத்துக்கு அப்புறம் ரெண்டு முழுங்கறாரு. மூவாயிரத்துக்குக் கொறையாது மச்சான்."

கடைசி இலைக்காரர் மாப்பிள்ளையின் பெரியப்பா. மாமா நேரே அவரிடம் சென்று குனிந்து, மிகுந்த மரியாதையுடன், "ஐயா, உங்களுக்கு மாசம் மூவாயிரம் ஆவுது. ஆயிரத்துக்குள்ள முடிச்சித் தரட்டுமா?" என்று வினவினார்.

பெரியப்பா அவரைச் சமையல் காண்டிராக்டர் என்று எண்ணிக்கொண்டார்.

"எத்தினி பேருக்கு?"

"உங்க ஒருத்தருக்குத்தான்."

"ஒரு ஆளுக்கு ஆயிரமா! இன்னாய்யா இது, தங்கத்துலயா எல போடுவ?"

விவரம் விளங்குவதற்குள் பெரியப்பாவின் மூன்று அட்டைகளும் இலையோரம் பரப்பப்பட்டிருந்தன. நீலத்தாள் வரைபடங்களைப் படிக்க உபயோகித்த பூதக்கண்ணாடியை மாமா கண்ணில் வைத்துக்கொண்டு, அட்டையின் பின்புறத்து எறும்பு எழுத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இது நோயாளிக் குடும்பமா என்று துப்பறியப் பெண் வீட்டார் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் பாயாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஆயினும் அடுத்த வாரமே பெரியப்பா மருந்துச் சீட்டுடன் பஸ் ஏறி முதுநகருக்கு வந்து, மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார் என்பதையும் நான் பதிவு செய்ய வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கு மாமாவைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடத் தோன்றும். அவர் விலை கேட்கும் முறையே தனி.

"தம்பி, இதே சரக்கு வேற மூட்டையில இருக்கா?"

"மூட்டையா? இது மெடிக்கல் சார்."

"தெரியும்பா. சிமெண்ட் மூட்டையில படம் மாறினா சொவுரு மாறிடுமா? உள்ள இருக்கற மருந்து ஒன்னுதானே. பேரு இல்லாத கம்பெனியில இன்னா வெல, அதச் சொல்லு."

"டாக்டர் எழுதின கம்பெனிதான் சார் தருவோம்."

"அப்ப டாக்டரையே வேற மாதிரி எழுதச் சொல்றன். நீ கோவிச்சிக்காத, ஒரு சோடா குடி."

அதன்படியே டாக்டரிடம் போவார். கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதித் தரும்படி கேட்பார். மலிவு விலை மருந்துக் கடையில் அதைக் காட்டி வாங்குவார். சர்க்காரில் வீடு தேடி மாத்திரை கொடுக்க வரும் நர்ஸம்மா எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். இத்தனை அமளியிலும் அவர் மீறாத சட்டம் ஒன்று இருந்தது. எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தச் சொல்லமாட்டார். "இடிக்கிற வேல நம்மளது கெடையாது. இன்ஜினீயர் கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லத் தொடக்கூடாது" என்பார். இன்ஜினீயர் என்பது டாக்டர்.

இனி என் அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா சரோஜா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்தான் காலமான பின் குடும்பப் பென்ஷன் வருகிறது. துறைமுகத்தில் படகு வந்ததும் மீன் வாங்கி, பேரம் பேசியதையும் சேர்த்துக் குழம்பு வைத்து, அண்டை வீட்டாருக்கும் அளிப்பது அவள் வாழ்க்கை. ஒரே மகன் பாபு பெங்களூரில் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அவன் கூப்பிடும்போதெல்லாம், "உங்க ஊர்ல மீன் ஐஸ்லயே பொறந்து ஐஸ்லயே வளருதாமே" என்று சொல்லித் தட்டிக் கழித்துவந்தாள்.

அந்த ஆண்டு அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. காலையில் எழுந்து நின்றால் சுவர் நகரும். இரண்டு முறை அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். மருந்துச் செலவோ பென்ஷனில் பாதியை விழுங்கியது. பாபு போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். "அம்மா, நீ ஒன்டியா இருந்தது போதும். அடுத்த ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பற. அவ்ளோதான்."

அன்று படகு வந்தும் அக்கா துறைமுகத்துக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் மீன் வாங்காமல் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. செய்தி மாமாவின் காதுக்கு எட்டியது. உடனே என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார்.

"ஹேண்டோவர் என்னிக்கு? அக்காவ எப்ப கூட்டினு போறாங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"டைம் இருக்கு. அக்கா, சரக்க எட்துனு வாங்க பாப்பம்."

அக்காவுக்கு மாமாவின் புகழ் தெரியும். "என்கிட்ட ஒன்னுமில்ல தம்பி. ஏதோ ஒரு மாத்தர, ரெண்டு மாத்தர" என்று மழுப்பினாள்.

"பென்ஷன்ல பாதி போவுதுன்றீங்க. ரெண்டு மாத்தரைக்கு அவ்ளோ ஆவாதுக்கா. எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கிறதா! நான் இன்னா கள்ளச்சாராயமா காச்சறேன்?"

"அரிசிப் பானையிலயா, பீரோவுலயா?"

அக்கா என்னை முறைத்தாள். பிறகு எழுந்து போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். மாமா தினத்தாளைத் தரையில் விரித்து, அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, வீட்டுப் பிளான் பார்ப்பது போல் மண்டியிட்டார். பூதக்கண்ணாடி ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. பின்னோக்கி வந்து வேறோர் அட்டையில் நின்றது. மறுபடியும் முதல் அட்டைக்குத் திரும்பியது.

"இது யாரு குடுத்தது?"

"நம்ம டாக்டரம்மா. பிரஷருக்கு. ரொம்ப நாளா சாப்புடறேன்."

"இது?"

"ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போயிருந்தப்ப தலை பாரமா இருந்துச்சு. அங்க ஒரு டாக்டர் குடுத்தாரு."

"ரெண்டும் ஒரே சரக்குக்கா. மூட்டதான் வேற."

"எப்பிடி ஒன்னாவும்? இது செவப்பு, அது வெள்ள."

விசாரணை தொடர்ந்தது. இரட்டிப்பு மருந்தில் அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றியிருக்க வேண்டும் என்பது மாமாவின் ஊகம். அக்கா தலைசுற்றலுக்கு வேறொரு கிளினிக்கில் ஒரு மாத்திரை வாங்கியிருக்கிறாள். அது வயிற்றில் எரிச்சலைத் தந்ததால் எரிச்சலுக்கு ஒன்று. மாமா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒரு ஒழுகலு. அதுக்கு மேல ஒரு பூச்சு. அந்தப் பூச்சு விரிசல் உட்டதுக்கு இன்னொரு பூச்சு. ஏன்க்கா, சிதம்பரத்து டாக்டர் வேற மாத்தர சாப்புடறியான்னு கேக்கலியா?"

"கேட்டாரு. இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

அக்கா சொன்ன பதில் எங்கள் ஊரின் பொது மரபாகும். ஒரு ஜவுளிக்கடையில் வாங்கிய பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஜவுளிக்கடைக்குள் நுழைய எவருக்கும் மனம் வராது. அதைப் போலவே ஒரு டாக்டரின் சீட்டை இன்னொரு டாக்டரிடம் நீட்டுவதை எங்கள் மக்கள் பெரிய மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். "அவரு நல்லா நாடி புடிச்சிப் பாத்துகினு இருக்காரு. அப்ப போயி, கடலூர்ல ஒரு டாக்டரு ஏற்கெனவே பாத்துட்டாங்கன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?" என்றாள்.

மாமா அட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டார். "கெளம்புங்க. இன்ஜினீயரப் பாப்பம்."

டாக்டரம்மா இளவயதினர். சிரித்த முகம். மாமாவைக் கண்டதும், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

"கட்டடம் இவுங்க மேடம். நான் எஸ்டிமேட்டு" என்று கூறி, மேசைமீது அட்டைகளைப் பரப்பினார்.

டாக்டரம்மா சிவப்பு அட்டையையும் வெள்ளை அட்டையையும் எடுத்துப் பார்த்தார். அக்காவைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தார். சிரிப்பு மறைந்துவிட்டது.

"அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்து. ரெண்டையுமா சாப்புடறீங்க?"

"ஒன்னு கடலூர்துங்க. இன்னொன்னு சிதம்பரத்துது."

"போன வாட்டி வந்தப்ப நான் கேட்டேனே, வேற ஏதாவது சாப்புடறீங்களான்னு."

"உங்க எதிர்ல எப்படிங்க சொல்றது? நீங்க வருத்தப்பட மாட்டீங்களா?"

"நீங்க தலைசுத்தி விழுந்தாதாம்மா நான் வருத்தப்படுவேன்" என்ற டாக்டரம்மா, இரட்டை மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். தலைசுற்றலுக்கும் எரிச்சலுக்கும் வாங்கியவற்றையும் நிறுத்தி, சில நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்.

வெற்றி மயக்கம் மாமாவின் தலைக்கேறிவிட்டது. மீதியிருந்ததில் விலை கூடிய அட்டையை விரலால் தட்டினார். "மேடம், இது ஒன்னு இருக்கு. பில்லுல பெரிய ஐட்டமே இதான். அக்காவுக்கு நெஞ்சுவலி எப்பவோ வந்துது, இப்பக் கெடையாது. இதையும் கழிச்சி உட்டுட்டா எஸ்டிமேட் கச்சிதமா ஒக்காந்துடும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "மாமா, நீங்க எவ்ளோ வருஷமா கட்டட வேல பாத்தீங்க?"

"ஆயுசு பூரா."

"மராமத்துக்குப் போன எடத்துல, செலவு ஜாஸ்தின்னு எப்பவாவது தூண எடுத்திருக்கீங்களா?"

மாமா தட்டிக்கொண்டிருந்த விரலை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இது தூண். ரத்தம் கட்டிக்காம பாத்துக்கற மாத்தர. இது நிக்கறதாலதான் நெஞ்சுவலி வரல. இதத் தொடக்கூடாது. வேணும்னா கம்பெனிப் பேரு இல்லாம மருந்து பேர எழுதறேன். மலிவுக் கடையில வாங்குங்க. பிரஷர் மாத்தரைய நர்ஸ் வீட்டுக்கே வந்து குடுப்பாங்க."

மாமா தலையைக் குனிந்தபடியே படியிறங்கினார். தோல்வியில் துவண்டுவிட்டார் என்று நான் பரிதாபப்பட்டேன். தெருவுக்கு வந்ததும் என் தோளைப் பற்றி உலுக்கினார்.

"மச்சான், கவனிச்சியா? டாக்டரம்மா நம்ம பாஷை பேசுது!"

அன்று முழுவதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தாம் மூக்குடைபட்ட கதையைத் தாமே பெருமையுடன் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் மாமா காலையில் அக்கா வீட்டு வாசலில் ஆஜரானார். "எழுந்து நில்லுங்க. சொவுரு நகருதா?" என்று கேட்பார். முதலிரண்டு நாள் நகர்ந்தது. பிறகு அசைந்தது. வெள்ளிக்கிழமை, "அது பாட்டுக்கு நிக்குது தம்பி" என்றாள் அக்கா. சனிக்கிழமை டாக்டரம்மாவும் அழுத்தம் பார்த்துத் தலையசைத்தார்.

ஞாயிறன்று பாபு காரோடு வந்து இறங்கினான். அக்காவின் பெட்டி கட்டப்படவில்லை. மாமா கூடத்தில் நின்று எஸ்டிமேட்டை வாய்ப்பாடு போல் ஒப்பித்தார். இன்ன மாத்திரை நீக்கம், இன்னது நர்ஸம்மா வழி, இன்னது மலிவுக் கடை, பழைய செலவில் கால்வாசி. பாபு பொறுமையுடன் கேட்டுக்கொண்டான்.

"மாமா, எனக்குக் காசு பெரிசில்ல. அம்மா மறுபடி விழுந்துட்டா? யாரும் இல்லாத நேரத்துல விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்கா கூடையை எடுத்துக்கொண்டாள். "வாடா, மீன் வாங்கினு வந்துடலாம். வந்து பேசுவோம்."

துறைமுகத்துக்கு நால்வரும் நடந்தோம். வெயில் உச்சந்தலையில் நின்றது. அக்கா முன்னே போனாள். பாபு அவளைத் தாங்குவதற்கு ஆயத்தமாகக் கைகளை நீட்டியபடியே பின்னால் போனான். மீன்காரம்மா வஞ்சிரத்துக்கு ஒரு விலை சொல்ல, அக்கா பாதி விலைக்குக் கேட்டாள்.

"இன்னாம்மா, பெங்களூருக்குப் போறன்னாங்க. போவலியா நீ?"

"நான் போய்ட்டா உன் அழுகின மீனை யாரு கண்டுபுடிக்கறது? செவுளத் தூக்கிக் காட்டு."

"அழுகினதா! என் வாய்ல மண்ணப் போடறியே! போன வாரம் வரிக்கும் சொவுத்தப் புடிச்சினு நடந்த. இன்னிக்கி வாயி துறைமுகத்தத் தாண்டுது."

பேரம் முடிந்தபோது பாபுதான் ஐஸ் பெட்டியொன்றின்மீது உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"பாபு, விழவே மாட்டாங்கன்னு எந்த எஸ்டிமேட்டுலயும் எழுத முடியாது. நீ பக்கத்துல ஒக்காந்திருந்தாலும் முடியாது. ஆனா காரணம் ஒன்னு இருந்துச்சு. அத எடுத்தாச்சு. தெனம் காலைல நான் வந்து கதவத் தட்டறன். தொறக்கலன்னா ஒடைக்கிறன். கதவு செலவு என்னுது."

பாபு மீன் கூடையை வாங்கிக்கொண்டான். "பொங்கல் வரைக்கும் பாப்போம் மாமா" என்றான். பொங்கலுக்கு வந்தபோது சித்திரை வரைக்கும் என்றான். அந்தத் தவணை இன்னும் நீண்டுகொண்டேயிருக்கிறது.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. மழை நாளிலும் கதவு தட்டப்பட்டது. "இந்தாளுக்காகவே சீக்கிரம் எழுந்திரிக்க வேண்டியிருக்கு" என்று அக்கா அலுத்துக்கொண்டே காபியை ஆற்றுவாள்.

சென்ற ஆண்டு ஓசூரில் இருக்கும் மாமாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாமா புறப்பட்டார். வழியனுப்ப முதுநகர் ஜங்ஷனில் கூடிய பெரியவர்கள் அத்தனை பேரும் அன்று மட்டும் சட்டைப் பையை மூடாமல் நின்றார்கள். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "புத்தம் புதுக் கட்டடம் மச்சான்! இன்னும் ஒரு மாத்தரகூடக் கெடையாது!" என்று கத்தினார்.

இப்போது தினமும் காலையில் கதவைத் தட்டுகிறவன் நான். மாதம் பிறந்து மருந்து வாங்கி வந்ததும் அக்கா ஓசூருக்குப் போன் போடுகிறாள். அட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்துப் பெயர்களைத் தப்பில்லாமல் வாசிக்கிறாள். அவளுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, கடைசியில் கூசாமல் ஒரு பொய் சொல்கிறாள். "தம்பி, டீவியில முட்டி வலிக்கு ஒரு டப்பா காட்டினான். நல்லாருக்கும்னு ரெண்டு வாங்கிட்டேன்."

"யாரக் கேட்டு வாங்கினீங்க? டாக்டரம்மா எழுதினாங்களா? பில்லு இருக்கா? ஒடனே திருப்பிக் குடுத்துட்டு வாங்க!" என்று ஓசூரிலிருந்து இடி இறங்குகிறது. அக்கா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். அந்த அதட்டலைக் கேட்பதற்காகவே, அக்கா மருந்து வாங்குகிற நாளில் நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.